வலை பின்னிய கொல்லன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிரேக்கத் தெய்வங்களின் பெருமை வல்லமையிலா, குறையிலா என்பது தலைப்பு. குறையிலேதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

வல்லமையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒலிம்பஸ் மலையில் பெருந்தெய்வங்கள் வீற்றிருக்கிறார்கள். வானம் ஜீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, பாதாளம் ஹேடிஸுக்கு என்று சகோதரர் மூவர் சீட்டுப் போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வழக்குமன்றப் படி ஏறாமல் சொத்துப் பிரித்த குடும்பம் என்ற பெருமையை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்றுமுன், "மனைவியைப் பிடிக்க வலை பின்னியவனெல்லாம் ஒரு கடவுளா? அவன் மீன்பிடிக்கப் போயிருக்கலாம்" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். பாதிக் கதைக்கே இத்தனை கைதட்டல் என்றால், மீதியைச் சொல்லாமல் போவது எனக்கு நட்டம்.

அந்தக் கொல்லன் ஹெபஸ்டஸ், கால் ஊனமுற்றவன். மனைவி அப்ரோடைட்டி அழகின் தெய்வம். அவள் போர்க்கடவுள் ஏரிஸோடு கூடியதைச் சூரியன் கண்டு கொல்லனிடம் சொல்ல, அவன் சண்டைக்குப் போகாமல் பட்டறைக்குப் போனான். சிலந்தி நூல் போன்ற மெல்லிய சங்கிலியை, தெய்வங்களின் கண்ணுக்கும் தெரியாதபடி அடித்தெடுத்துக் கட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டு, லெம்னோஸ் தீவுக்குப் போவதாகக் கிளம்பினான். ஏரிஸ் வந்தான், இருவரும் படுத்தார்கள், வலை விழுந்தது. கையையும் அசைக்க முடியவில்லை, காலையும் அசைக்க முடியவில்லை.

தெய்வங்கள் வாசலில் கூடினார்கள். பெண் தெய்வங்கள் மட்டும் நாணத்தால் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கொல்லனோ, "கொடுத்த பரிசத்தை இவள் தகப்பன் திருப்பித் தரும்வரை அவிழ்க்க மாட்டேன்" என்றான். அந்தத் தகப்பன் யார் தெரியுமா? சாட்சாத் ஜீயஸ்! இடிக்கு அதிபதியிடமே பரிசப் பணத்தைத் திருப்பிக் கேட்ட மருமகன், நடுவர் அவர்களே! "இப்படிக் கட்டுண்டு இவளோடு கிடக்கச் சம்மதமா?" என்று அப்பல்லோ கேட்க, "மூன்று மடங்கு சங்கிலி போடுங்கள், எனக்குச் சம்மதம்" என்று ஹெர்மிஸ் சொன்னதாக கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் 8-ஆம் காண்டம் பாடுகிறது. வானவர் சிரித்த சிரிப்பில் பொசைடன் ஒருவர் மட்டும் சேராமல், ஏரிஸுக்காகப் பிணை நின்றார்.

மீன்பிடிக்கப் போயிருக்கலாம் என்றாரே எதிரணித் தலைவர், போகாமலா இருந்தான்? வலையில் விழுந்தது போர்க்கடவுள். அதைவிடப் பெரிய மீனை அவர் பிடித்துக் காட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

ஆனால் அந்தச் சிரிப்போடு கொல்லனை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதே ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டின் 18-ஆம் காண்டத்தில், நொண்டிப் பிள்ளை பிறந்துவிட்டதே என்று வெட்கி அவனை மலையிலிருந்து எறிந்தவள் பெற்ற தாய் ஹீரா. கடலில் விழுந்தவனை ஏந்தியெடுத்த இருவரில் ஒருத்தி கடல்தெய்வம் தீட்டிஸ். குகைக்குள் 9 ஆண்டுகள் அவர்களுக்கு அணிகலன் செய்துகொண்டு ஒளிந்திருந்தான். அந்த வளர்ப்புத்தாய் தீட்டிஸ் பல ஆண்டுகள் கழித்து, டிராய்ப் போரில் சாகப்போகும் தன் மகன் அக்கிலிஸுக்குக் கவசம் கேட்டு அவன் வாசலுக்கு வருகிறாள். அவன் துருத்தியை நெருப்பிலிருந்து விலக்கி, கருவிகளைப் பெட்டியில் வைத்து, முகத்தையும் கழுத்தையும் ரோமம் அடர்ந்த மார்பையும் கடற்பஞ்சால் துடைத்து, உடுத்திக்கொண்டு, தடி ஊன்றி அவள் எதிரில் வருகிறான். சாவு வரும் நேரத்தில் உன் மகனை அதன் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க என்னால் முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிறான்.

அது அவனால் முடியாது. கவசம் மட்டும்தான் முடியும். 20 துருத்திகளை மீண்டும் நெருப்பின் பக்கம் திருப்பிக் கேடயத்தைத் தொடங்குகிறான். வேலை முடிந்ததும் அதைச் சுமந்துகொண்டு, பனிமூடிய ஒலிம்பஸிலிருந்து வல்லூறு போலப் பாய்ந்து இறங்குகிறாள் அந்தத் தாய்.