நிமிர்ந்து உட்கார்ந்தால் கழுத்து வலி போய்விடுமா?

[காட்சி: பவர் டேபிளில் தைக்கும் பெண். கேமரா பக்கவாட்டில். தலை ஊசியை நோக்கி முன்னே நீண்டிருக்கிறது.]

கழுத்து வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "நிமிர்ந்து உட்கார்" என்பதுதான். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஊசி இறங்கும் இடத்தைப் பார்த்தால்தான் தையல் நேராக விழும். பார்க்க வேண்டுமென்றால் தலை முன்னே போயே ஆக வேண்டும். அவர் குனிவது அலட்சியத்தால் அல்ல, வேலை அப்படி. கணக்கு எழுதுபவர், பல் மருத்துவர், நாள் முழுக்கக் கணினி பார்ப்பவர் எல்லோருக்கும் இதே நிலைதான். வலியையும் அனுபவித்துக்கொண்டு, "எல்லாம் நீ உட்காரும் லட்சணத்தால்தான்" என்ற பேச்சையும் அவர்கள் கேட்க வேண்டியதில்லை.

[காட்சி: கழுத்தின் படம். தலை சாயச் சாய, அருகே எடை எண் ஏறுகிறது.]

இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மீது 27 கிலோ அளவுக்குச் சுமை ஏறும் என்று 2014-இல் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் வெளியிட்ட கணக்கு அது. கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. சுமை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு குனிந்தால் இவ்வளவு வலி வரும் என்று அது அளந்து சொல்லவில்லை. கூன் விழுந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்; நேராக நடந்தும் வலியால் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேன் அறிக்கையைக் கண்டு மிரள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் கழுத்துத் தொல்லை எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) பிதுங்கியிருந்தன. ஆகவே "தேய்மானம்", "டிஸ்க் பிதுக்கம்" என்ற சொற்களைப் படித்ததுமே உடற்பயிற்சி கூடாது என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

பிறகு ஏன்தான் வலிக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு, தலையைத் தாங்கும் தசைகள் ஒரே நிலையில் மணிக்கணக்கில் வேலை செய்து களைத்துப்போகின்றன. களைத்த தசையிடம் "இன்னும் விறைப்பாக நில்" என்றால் எவ்வளவு நேரம் நிற்கும்? அதற்கு வேண்டியது இரண்டு: வலுவும், அவ்வப்போது ஒரு மாற்றமும்.

[காட்சி: பாயில் மல்லாந்து படுத்திருப்பவர். தலைக்கடியில் மடித்த துண்டு. கேமரா கழுத்துக்கு மிக அருகில்.]

முதல் பயிற்சியை அவசரமில்லாமல் பார்ப்போம். பலரும் தப்பாகச் செய்வது இதைத்தான்.

கழுத்தெலும்பின் முன்பக்கத்தை ஒட்டி, ஆழத்தில், சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட கழுத்து வலி உள்ள பலரிடம் இவை சோர்ந்திருக்கும். இவற்றின் வேலையை மேலே இருக்கும் பெரிய தசைகள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் குவென்டோலன் ஜல் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகுத்த பயிற்சி இது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பின் உச்சிவரை சாய்வாக ஒரு தசை ஓடுகிறது. தலையைத் திருப்பினால் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். இப்போது தலையைத் தூக்காமல், மோவாயை மட்டும் தொண்டைப் பக்கமாகத் தாழ்த்துங்கள். "ஆமாம்" என்று ஒரே ஒருமுறை தலையசைப்பீர்களே, அதில் பாதி அசைவு போதும். பின்னந்தலை துண்டின்மேல் மேல்நோக்கி லேசாக வழுக்கும். விரலுக்கடியில் இருக்கும் அந்தப் பெரிய தசை மென்மையாகவே இருக்க வேண்டும். இறுகினால் அசைவு அதிகம் என்று பொருள், குறையுங்கள். பல்லைக் கடிக்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள். 10 விநாடி அப்படியே வைத்து விடுங்கள். 10 முறை. இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும் அளவுக்கு அது சிறிய அசைவு. சரியாகச் செய்தால் நான்காவது ஐந்தாவது முறையிலேயே உள்ளே நடுக்கம் தெரியும்.

[காட்சி: சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலி. சக்கரம் இல்லாதது.]

இரண்டாவது, மேல்முதுகுக்கு. நாற்காலி முதுகின் மேல்விளிம்பு உங்கள் தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே வரட்டும். கைகளைப் பிடரியில் கோத்துத் தலையைத் தாங்கிக்கொண்டு, அந்த விளிம்பின்மேல் பின்னே வளையுங்கள். வளைவது மேல்முதுகு, இடுப்பு அல்ல. 8 முறை போதும்.

[காட்சி: ரப்பர் பட்டையின் நடுவில் காலை ஊன்றி, இரு முனைகளையும் பிடித்து நிற்பவர்.]

மூன்றாவதுதான் என் கணிப்பில் மிக முக்கியமானது. ஆனால் பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிட்டு நீட்டிப்புப் பயிற்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டையை மிதித்துக்கொண்டு, முழங்கையை லேசாக மடக்கி, இரு கைகளையும் பக்கவாட்டில், சற்றே முன்பக்கமாக, தோள் மட்டம்வரை உயர்த்தி மெல்ல இறக்குங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது.

2011-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று. அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சி நாளுக்கு 2 நிமிடம், இன்னொன்றுக்கு 12 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மூன்றாவது பிரிவுக்குப் பயிற்சி இல்லை. 10 வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்த இரண்டு பிரிவினருக்கும் மற்றவர்களைவிட வலி குறைந்திருந்தது. நாளுக்கு 2 நிமிடம்! வேலை, சமையல், பிள்ளைகள் என்று நேரமே கிடைக்காதவர்களை நினைத்துத்தான் இந்த எண்ணை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அந்த 2 நிமிடமும் சோம்பலாகச் செய்வதல்ல. கை இனிமேல் ஏறாது என்னும் அளவுக்குக் களைக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் அடுத்த கனமான பட்டைக்குப் போங்கள்.

[காட்சி: மீண்டும் தையல் மேசை. பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) மாற்றும் கைகள்.]

மாற்றம் என்றேனே, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் தோள்களைப் பின்னே சுழற்றி, ஒரு தடவை மேல்முதுகை வளைத்துவிட்டு உட்காருங்கள். அலுவலகம் என்றால் போன் வந்ததும் எழுந்து நின்று பேசலாம். முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: மேசையையும் நாற்காலியையும் ஆளுக்குத் தக்க உயரத்தில் அமைத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. தொழிலாளியின் பயிற்சி அதற்கு மாற்றாகிவிடாது.

[காட்சி: திரையில் எழுத்து மட்டும்.]

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் போங்கள். கை மரத்துப்போவது, பிடிமானம் தளர்ந்து பொருள் நழுவுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் சிக்கல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவை அவை. நெஞ்சு இறுக்கத்தோடு கழுத்து, தாடை, கைக்கு வலி பரவினால் உடனே மருத்துவமனை.

மற்றவர்களுக்கு, முதல் வாரம் தசை வலி இருக்கும். ஓரிரு நாளில் அடங்கும். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லையென்றால், ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் இந்த மூன்றையும் செய்து காட்டுங்கள். எந்த இடத்தில் தவறுகிறது என்று அவர் நேரில் பார்த்துச் சொல்லிவிடுவார்.