‘தவறு’ என்பது தகவல் அன்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடிக் களைத்த பிறகும் மெய்யியல் கேட்க வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

அறத்தீர்ப்பு, அதாவது ஒரு செயலைச் சரி அல்லது தவறு என்று சொல்வது, உண்மையைக் கூறுகிறதா, மனநிலையை வெளிப்படுத்துகிறதா என்பது தலைப்பு. மனநிலையை வெளிப்படுத்துகிறது என்பது எங்கள் அணியின் வாதம். “இவர்களுக்கு அறமும் நாசி லெமாக் சோறும் ஒன்று, அதன் மிளகாய்ச் சம்பல் பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டால் கெட்டது” என்று எதிரணித் தலைவர் எங்களைக் கேலி செய்தார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் அது எங்கள் கட்சியே அல்ல. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பவர் தம் மனத்தைப் பற்றித் தகவல் தருகிறார். ‘இது தவறு’ என்பவர் எதிர்த்து நிற்கிறார். 1936-லேயே ஆங்கிலேய மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் வலியுறுத்திய வேறுபாடு இது.

வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று போடுகிறார்கள். பார்க்காதவர் இந்த அவையில் உண்டா? அது தவறு என்கிறார் ஒருவர். வீட்டுக்காரர் விருப்பம் என்கிறார் இன்னொருவர். வாடகை எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது, மறுக்கப்பட்ட குடும்பம் எங்கெல்லாம் அலைந்தது, அனைத்திலும் இருவருக்கும் ஒரே கருத்துதான். சண்டை தீர்ந்ததா? அவர்களுக்குத் தெரியாத தகவல் எது? எதிரணியினர் காட்டட்டும். மோதுவது மனப்பாங்கு என்றார் அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் ஸ்டீவன்சன். சம்பலில் உங்கள் நாக்கு உங்களோடு என்று விட்டுவிடுவேன். இங்கே விடமாட்டேன், நீங்களும் எதிர்க்க வேண்டும் என்று கேட்பேன்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், எங்கள் கொள்கையை மறுத்த மெய்யியலாளர் பீட்டர் கீச்சைத் துணைக்கு அழைத்தார். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ‘வீடு மறுப்பது தவறென்றால், அதற்குத் துணைபோகும் வீட்டு முகவர் செய்வதும் தவறு.’ இப்படிச் சொல்லும்போது நான் இன்னும் எவரையும் கண்டிக்கவில்லை. கண்டனமே இல்லாத இடத்தில் ‘தவறு’ என்ற சொல்லுக்குப் பொருள் ஏது என்பது அவர் கேள்வி. எங்கள் பக்கம் நிற்கும் மெய்யியலாளர் சைமன் பிளாக்பர்ன் 1984-இல் விடை தந்தார்: அந்த வாக்கியமே ஒரு நிலைப்பாடு. வீட்டுக்காரரைக் கண்டித்துவிட்டு முகவரைச் சும்மா விடும் மனத்தை அது ஏற்க மறுக்கிறது. இது தர்க்க முரணா, வெறும் மனமுரணா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நடுவர் வேண்டுமானால் இங்கே எங்களுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அவர்களும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறார்கள். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர் என்று ஒப்புக்கொண்டவரிடம் நாம் எந்தச் செயலையும் எதிர்பார்ப்பதில்லை. ‘அந்த விளம்பரம் தவறுதான்’ என்று ஒப்புக்கொண்டவர் மறுநாளே கூச்சமின்றி அதையே போட்டால், அவர் சொன்னதையே சந்தேகிக்கிறோம். இரண்டும் வெறும் உண்மைகள் என்றால் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.