கானோ கேட்ட கேள்வி

அவையோருக்கு வணக்கம்.

ஜூடோவைத் தந்த ஜிகோரோ கானோ யார் யாரை வீழ்த்தினார் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அவர் விழுந்த கதைதான் பெரிதாகப் படுகிறது.

1860-இல் பிறந்தவர். குள்ளமான, மெலிந்த உடம்பு. பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடி வாங்கியவர். 1877-இல் டோக்கியோவில் ஃபுக்குடா ஹாச்சினோசுக்கே என்பவரிடம் ஜூஜூட்சு என்ற பழைய ஜப்பானிய மற்போர்க் கலையைக் கற்கச் சேர்ந்தார். ஒருநாள் ஆசிரியர் தூக்கிப் போட்டதும் எழுந்து, கையை எப்படி வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டு மறுபடியும் தூக்கிப் போட்டார். மறுபடி கேள்வி, மறுபடி தரை! விழுந்து பழகினால் தானாக வரும் என்பது அந்தக் காலத்துப் பாடமுறை. அதிலும் உண்மை உண்டு. ஆனால் கானோவுக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது.

அங்கே தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவரை அவரால் அசைக்கவே முடியவில்லை. சுமோ பிடிகளைப் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் மேல்நாட்டு மல்யுத்த நூல்களைத் தேடிப் படித்தார். எதிராளியைத் தோளில் ஏற்றிச் சாய்க்கும் வித்தை அதிலிருந்து வந்தது.

கடைசியில் காரணமும் பிடிபட்டது. உங்கள் பக்கத்தில் இருப்பவரின் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அவர் பாரம் முழுவதும் கால்விரல்களுக்கு வந்துவிடும். அந்த நொடியில் அவரைச் சாய்க்கப் பெரிய பலம் தேவையில்லை. முதலில் நிலை குலைய வேண்டும், அதற்குப் பிறகுதான் வீச்சு. இதை ஜூடோக்காரர்கள் 'குஸுஷி' என்பார்கள்.

1882-இல் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய்கள் விரித்த இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். தொழிலால் அவர் கல்லூரி ஆசிரியர், முதல்வர். அதனால்தான் ஜூடோவைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடமாக ஆக்க முடிந்தது என்பது என் எண்ணம். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரும் ஆனார். 1938-இல் கெய்ரோ கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெண்களுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் பல ஆண்டுகள் அவர்களை ஐந்தாம் டானுக்கு, அதாவது கறுப்புப் பட்டையின் ஐந்தாம் படிக்கு, மேல் ஏற விடவில்லை. அதே ஃபுக்குடாவின் பேத்தி கெய்கோ, கானோவிடமே பயின்றவர், அப்படித்தான் காத்திருந்தார். அது அநியாயம்.

சரி, 1964-க்கு வருவோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில், ஜப்பானின் கமினாகாவை நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க் தரையில் அமுக்கி வென்றார். அவர் நாட்டு ரசிகர்கள் களத்துக்குள் ஓடிவர, கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார் கேசிங்க். அதற்குப் பிறகுதான் எதிராளிக்குத் தலைவணங்கினார். கானோவின் பாடம் ஐரோப்பாவில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருந்தது என்பதை ஜப்பான் தன் சொந்த மண்ணிலேயே பார்த்த நாள் அது.