பனை நிழலும் கல்லூரிச் சாலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். கல்லூரி வளாகங்களை எப்படித் திட்டமிட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் வரைபடம் காட்ட முடியாது. அதுவும் நல்லதுதான். இந்தத் தொழிலில் நடக்கும் தப்பில் பாதி, வரைபடத்தை மேலே இருந்து பார்ப்பதால் வருகிறது. இப்போது ட்ரோன் வேறு வந்துவிட்டது. அட்மிஷன் விளம்பரங்களைப் பாருங்கள்: வட்டமான புல்வெளி, நடுவில் நீரூற்று, சூரியக் கதிர் மாதிரி பிரியும் சாலைகள். பருந்துக்கு அது அழகு. பிள்ளைகள் தரையில் அல்லவா நடக்கிறார்கள்?

என் தப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், தென்மாவட்டத்தில் ஒரு புதுப் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக் கட்டடத்துக்கு நேராக ஒரு சாலை போட்டுக்கொடுத்தேன். இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம், நடைபாதை, எல்லாம் உண்டு. ஆறு மாதத்தில் நிர்வாகத்திடமிருந்து போன். "சார், பசங்க ரோட்டுல போக மாட்டேங்கிறாங்க. தோட்டத்துக்குள்ள புகுந்து போறாங்க." போய்ப் பார்த்தால், புல்லைத் தேய்த்து ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. குறுக்கு வழி தேடுகிறார்கள் என்று நினைத்து முள்கம்பி கட்டச் சொன்னேன். ஒரு வாரத்தில் கம்பியை வளைத்துவிட்டார்கள். சரி என்று காகிதப்பூச் செடியை வேலியாக நட்டோம். அது வளரும் முன்பே நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாசல் விழுந்துவிட்டது. அபராதம் போட்டார்கள். அதையும் கட்டிவிட்டு அந்த வழியாகவே போனார்கள்.

கடைசியில் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "ஐயா, நீங்க எப்பவும் காலையிலதான் வர்றீங்க. ஒரு நாள் ரெண்டு மணிக்கு வாங்க." வந்தேன். சித்திரை மாதம். என் சாலையில் ஐம்பது அடி நடப்பதற்குள் செருப்பு வழியாகச் சூடு ஏறியது. அந்த ஒற்றையடிப் பாதை முழுக்க வேப்ப மர நிழல். நிலத்தை வாங்கும்போதே அங்கே நின்ற ஏழெட்டு பழைய மரங்கள். அப்புறம் பெரியவரும் நானும் இரண்டு வழியையும் காலடி வைத்து அளந்தோம். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பிள்ளைகள் போன வழி, என் சாலையைவிட நாற்பது அடி வைப்பு கூடுதல்! குறுக்கு வழி என்று நான் வேலி போட்டது சுற்று வழிக்கு. தூரத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. நிழலைத்தான் கணக்குப் பண்ணியிருந்தார்கள்.

நான் அந்த நிலத்தை முதன்முதலில் பார்க்கப் போனது மார்கழிக் காலையில். வேறென்ன சொல்ல.

அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில், இல்லினாய் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சுருக்கிச் சொன்னால் அதுவும் ஐ.ஐ.டி.தான், குழம்பிவிடாதீர்கள். அந்த வளாகத்தை ஒரு மேம்பால ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் வகுப்புகள், மறுபக்கம் விடுதிகள். ரயிலுக்கு அடியில் கிடந்த வெற்றிடத்தைப் பிள்ளைகள் கோணல்மாணலாகக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே மாணவர் மையம் கட்ட வந்த ரெம் கூல்ஹாஸ் என்ற கட்டடக்கலைஞர், அந்தத் தடங்களை வரைந்து எடுத்து, அவற்றையே கட்டடத்துக்குள் நடைகளாக வைத்துவிட்டார். 2003இல் திறந்தார்கள். நான் கம்பி கட்டினேன், அவர் கூரை போட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கூரை என்றதும் தாழ்வாரத்துக்கு வந்துவிட வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்த லூயி கான், பள்ளிக்கூடத்து நடை வெறுமனே கடந்து போகிற இடமாக இருக்கக் கூடாது, அகலப்படுத்தி, ஒதுங்கி உட்கார இடம் கொடுத்தால் அது மாணவர்களுக்கே சொந்தமான வகுப்பறை ஆகிவிடும் என்று சொல்லிவந்தவர். அவரை அகமதாபாத்துக்கு வரவழைத்த பி.வி. தோஷி, பிற்பாடு பெங்களூரு ஐ.ஐ.எம். வளாகத்தைக் கருங்கல்லில் கட்டினார். பழைய இந்திய நகரங்களையும் கோவில்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. உயரமான நடைகள், சில இடத்தில் கூரை, சில இடத்தில் வெறும் உத்திரம், அதன் மேல் கொடி. கோவில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று: பெங்களூரு வெயிலுக்கு அந்தப் பாதி நிழல் போதும். அதையே பார்த்து எழுதித் திருச்சியில் கட்டினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள்.

வகுப்பில் கேட்ட பாடம் பாதிதான் மண்டையில் ஏறும். மீதி, வெளியே வந்து தாழ்வாரத்தில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவன் விளக்கினால் ஏறும். உங்கள் அனுபவமும் அதுதானே? ஆனால் எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவது தாழ்வாரத்தின் அகலத்தைத்தான். பத்தடி எட்டாகும், எட்டு ஆறாகும். அப்புறம் 'இங்கே நிற்காதே' என்று போர்டு மாட்டுவார்கள்.

இன்னொரு மனக்குறை, அலங்காரப் பனை. பிரதான சாலையின் இருபுறமும் வரிசையாக வைக்கிறார்கள். விளக்குக் கம்பம் எவ்வளவு நிழல் தருமோ அவ்வளவுதான் அதுவும் தரும். 'பனை நிழலும் நிழலோ, பகைவர் உறவும் உறவோ' என்று நம் ஊரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்களே. புங்கை வையுங்கள். இலையை உதிர்த்துவிட்டுக் கோடை முற்றுவதற்குள் புது இலை விட்டு நிற்கும். குப்பை சேருகிறது என்பார்கள். சேரட்டும், பெருக்கிக்கொள்ளலாம்.

1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மரங்களைத் தேடி நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர்! சென்னை ஐ.ஐ.டி. 1959இல் கிண்டிக் காட்டு நிலத்தில் வந்தது. புள்ளிமான்கள் இன்றும் விடுதி வாசலில் மேய்கின்றன. இரண்டு இடத்திலும் வெயில் நேரத்தில் நடந்து பாருங்கள். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கிற வெயிலுக்கும் கல்லூரி வாசலுக்கு உள்ளே இருக்கிற வெயிலுக்கும் சம்பந்தமே இருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். மழைநீரைப் பற்றியும் விடுதிகளைப் பற்றியும் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், போகட்டும். மழைநீருக்கு ஒன்று மட்டும்: நிலத்தில் எந்த இடம் ஐப்பசியில் தேங்குகிறதோ அந்த இடத்தைக் குளத்துக்கு விடுங்கள், நூலகத்துக்கு வேண்டாம். விடுதிக்கு ஒன்று: ஜன்னலை மேற்கே பார்த்து வைக்காதீர்கள். மாலை வெயில் குடித்த சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சுடும், மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பின்வாசலில் ஒளித்து வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் பேச இருந்தேன். நேரமில்லை.

அந்தத் தென்மாவட்டக் கல்லூரியில் பிறகு வேலியைப் பிடுங்கிவிட்டு, வேப்ப மரத்தடிப் பாதைக்கே செங்கல் பாவினோம். நான் போட்ட சாலையில் இப்போது பஸ் நிறுத்துகிறார்கள். வணக்கம்.