பின்தொடர்பவர்கள் பத்தாயிரம், பார்ப்பவர்கள் சில நூறு: யாழ்ப்பாணக் கடைப் பேஜ்களுக்கு என்ன நடக்கிறது?

வணக்கம் உறவுகளே, எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இன்றைக்கு எங்கேயும் சுற்றிக் காட்டப் போவதில்லை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், வீட்டில் இருந்தபடிதான் கதைக்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. வீட்டில் இருந்தோ சின்னக் கடை வைத்தோ பேஸ்புக் பேஜ் மூலம் வியாபாரம் செய்கிற ஆட்கள் கடைசி வரை பாருங்கள்.

எனக்கு வருகிற மெசேஜ்களில் பாதி இந்த விஷயம்தான். "அக்கா, என்னுடைய பேஜை யாரோ ரிப்போர்ட் அடித்துவிட்டார்களா?", "நான் போடுகிற படம் வடிவில்லையா?", "முன்பு ஒரு கேக் படம் போட்டால் இருநூறு லைக் வரும், இப்போது பத்துக்கூட இல்லையே?" கேட்பவர்கள் கேக் செய்கிற தங்கச்சிமார், நெல்லியடிப் பக்கம் கறித்தூள் இடித்து விற்கிற அம்மாமார், கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருக்கிற அண்ணாமார். எல்லோரும் தங்களில்தான் ஏதோ பிழை என்று நினைக்கிறார்கள். அதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பெரும்பாலும் பிழை உங்களில் இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்கியது என்று பார்ப்போம். பேஸ்புக்கில் வியாபாரங்களுக்கான பேஜ் வந்தது 2007 நவம்பரில். தொடக்கத்தில் லைக் செய்தவர்களில் கணிசமான ஆட்களுக்கு நீங்கள் போடுவது போய்ச் சேர்ந்தது. 2012இல் பேஸ்புக்கே ஒரு கணக்குச் சொன்னது: ஒரு பேஜின் போஸ்ட், சராசரியாக அதன் ரசிகர்களில் 16 வீதமானவர்களுக்குத்தான் போகிறது என்று. அதே ஆண்டு மே மாதம் அந்தக் கொம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில்தான் காசு கட்டி போஸ்டைக் கூடுதல் ஆட்களுக்குக் காட்டுகிற வசதியும் வந்தது.

பிறகு ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம் நூறுக்கு மேற்பட்ட பேஜ்களை எடுத்து ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டது. 2013 ஒக்டோபரில் 12.05 வீதமாக இருந்த இலவச ரீச், அதாவது காசு கட்டாமல் போஸ்ட் போய்ச் சேர்கிற ஆட்களின் வீதம், 2014 பெப்ரவரியில் 6.15 வீதமாக விழுந்திருந்தது. ஐந்து மாதத்துக்குள் பாதி. ஐந்து லட்சம் லைக்குக்கு மேல் உள்ள பெரிய பேஜ்களுக்கு 2 வீதம் அளவில்தான் இருந்தது. உங்கள் பேஜை 10,000 பேர் பின்தொடர்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கணக்கில் 1,600 பேர் பார்க்க வேண்டும், இரண்டாவது கணக்கில் 615 பேர். அதுவும் பத்து ஆண்டுக்கு முந்திய நிலைமை. அதற்குப் பிறகும் இறக்கம்தான்.

ஏன் குறைத்தார்கள்? 2014 ஜூனில் பேஸ்புக்கின் விளம்பரப் பிரிவில் இருந்த பிரையன் போலன்ட் ஒரு விளக்கம் எழுதினார். ஒருவர் பேஸ்புக்கைத் திறக்கும்போது அவருக்குக் காட்டக்கூடிய விஷயம் சராசரியாக 1,500 இருக்குமாம். நிறைய நண்பர்களும் நிறைய பேஜ்களும் உள்ள ஆளுக்கு 15,000 வரை போகுமாம். அதில் 300 அளவைத்தான் தெரிவு செய்து காட்டுகிறோம் என்றார். காசு பிடுங்குவதற்காக இல்லை என்றும் அதே பதிவில் சொன்னார். இட நெருக்கடி உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2024இல் பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டாவின் மொத்த வருமானம் 164.5 பில்லியன் டொலர், அதில் 160.6 பில்லியன் விளம்பரத்தால் வந்தது. விளம்பரத்தில் இப்படி வாழ்கிற கொம்பனி, இலவச இடத்தைத் தாராளமாக விட்டுவைக்கும் என்று நாங்கள் நம்பியிருக்கத் தேவையில்லை. சந்தையில் முதலில் இலவசமாக இடம் தந்து, சனம் வரத் தொடங்கிய பிறகு வாசலில் கயிறு கட்டிக் காசு கேட்பது போன்ற வேலை இது.

இனி நான் சொல்லப் போவது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. இந்தக் கதையில் இலங்கைக்கு என்று தனி இடம் இருக்கிறது.

2017 ஒக்டோபரில் பேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை செய்தது. இலங்கை, குவாத்தமாலா, பொலிவியா, கம்போடியா, சேர்பியா, ஸ்லோவாக்கியா. இந்த நாடுகளில், காசு கட்டாத பேஜ் போஸ்ட்களை, பேஸ்புக்கைத் திறந்ததும் வருகிற வழமையான நியூஸ் ஃபீடில் இருந்து எடுத்து, 'எக்ஸ்ப்ளோர்' என்று வேறொரு இடத்தில் போட்டார்கள். நியூஸ் ஃபீடில் நண்பர்களும் உறவினர்களும் விளம்பரங்களும் மட்டும். எக்ஸ்ப்ளோர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிற ஆள்தான் உங்கள் கடையைப் பார்க்கலாம். யார் அப்படித் தேடிப் போவார்கள்? ஸ்லோவாக்கியாவில் ஒரு பத்திரிகையாளர் தன் நாட்டுப் பெரிய பேஜ்களைக் கணக்கெடுத்து, லைக், ஷெயார் எல்லாம் நாலில் ஒரு பங்காகிவிட்டது என்று எழுதிய பிறகுதான் இது உலகச் செய்தி ஆனது. 2018 மார்ச்சில் பரிசோதனையை நிறுத்தினார்கள். பயனர்களுக்குப் பிடிக்கவில்லை, முக்கியமான தகவல்கள் போய்ச் சேரவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். நத்தார், புதுவருசம், தைப்பொங்கல் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்து போயின. உடுப்புக் கடைக்காரருக்கும் கேக் செய்கிறவர்களுக்கும் ஆண்டில் உழைக்கிற காலமே அதுதான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அப்போது யாழ்ப்பாணத்தில் பேஜ் வைத்திருந்த எத்தனை பேர், ஓடர் வரவில்லையே என்று தங்களைத் தாங்களே குறை சொல்லியிருப்பார்கள்! இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பரிசோதனை நின்றது, ஆனால் பழைய நிலை திரும்பவில்லை. 2018 ஜனவரியிலேயே பேஸ்புக் தலைவர் ஸக்கர்பேர்க் அறிவித்துவிட்டார்: இனி நண்பர்கள், குடும்பத்தார் இடையிலான கதைக்கு முதலிடம், வியாபாரப் பேஜ்களின் போஸ்ட் குறையும் என்று. சரி, நண்பர்களையாவது காட்டுகிறார்களா? 2025இல் அமெரிக்க நீதிமன்றத்தில் மெட்டா கொடுத்த கணக்கின்படி, அங்குள்ளவர்கள் பேஸ்புக்கில் செலவிடுகிற நேரத்தில் 17 வீதம்தான் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பதில் போகிறது. இன்ஸ்டாகிராமில் 7 வீதம். மீதியில் பெரும்பகுதி, நீங்கள் பின்தொடராத ஆட்களின் வீடியோ. இன்ஸ்டாகிராமும் 2016 வரை நேர ஒழுங்கில்தான் காட்டியது, பிறகு அதுவும் மாறிவிட்டது.

எங்கள் ஊர்ப் பேஜ்களுக்கு இதற்கு மேலே இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பேஜை யார் பார்க்கிறார்கள் என்று கணக்குக் காட்டுகிற இன்சைட்ஸுக்குள் போய், பின்தொடர்பவர்கள் எந்த நாடு, எந்த நகரம் என்ற பகுதியைப் பாருங்கள். நான் பார்த்த கடைப் பேஜ்களில் மேலே நிற்பது ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சுவிஸ். ரீல்ஸ் போடுகிறவர்கள் என்றால் சென்னையும் கோயம்புத்தூரும் சேர்ந்து வரும். யாழ்ப்பாணம் எங்கேயோ கீழே. ஒடியல் கூழ் படத்தையும் பருத்தித்துறை வடையையும் பார்த்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும், லைக் போடுவார்கள், "எங்கட ஊர்" என்று கொமென்ட் எழுதுவார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அவர்கள் இன்றைக்குப் பின்னேரம் உங்களிடம் அரைக் கிலோ கேக் வாங்கப் போவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கிற பேஸ்புக் இயந்திரத்துக்கு அது தெரியாது. யார் லைக் போடுகிறார்களோ அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும்தான் அது திரும்பத் திரும்பக் காட்டும். கொக்குவிலில், உங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற அக்காவுக்கு நீங்கள் கேக் செய்கிறீர்கள் என்றே தெரியாமல் போகும்.

ரீல்ஸ் போட்டால் ரீச் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு லட்சம் பேர் பார்த்த வீடியோவால் ஒரு ஓடரும் வராமல் இருந்த கதையும் எனக்குத் தெரியும். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். ஆகவே ரீல்ஸ் போடுங்கள், ஆனால் முதல் வசனத்திலேயே ஊரைச் சொல்லுங்கள். சாவகச்சேரி, மானிப்பாய், சுன்னாகம் வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம் என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆட்களை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மா அப்பாவின் பிறந்தநாளுக்கு அங்கிருந்து காசு அனுப்பி, இங்கே கேக்கும் பூவும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அது பெரிய வியாபாரம். அவர்களுக்கு என்று தனியாக எழுத வேண்டும், நேரமும் பார்க்க வேண்டும். இங்கே காலை 9 மணிக்குப் போட்டால், வெயில் காலத்தில் லண்டனில் விடிய 4.30, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 11.30. இங்கே இரவு 8 மணிக்குப் போட்டால் லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. போஸ்ட் போட்ட முதல் சில மணித்தியாலங்களில் ஆட்கள் கதைத்தால்தான் அது மேலே போகிறது என்பது என் அனுபவம். உள்ளூருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

அப்புறம், "இதை ஷெயார் செய்து பத்துப் பேரை டேக் பண்ணினால் சேலை இலவசம்" என்பதை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இப்படி லைக், ஷெயார் கேட்டு வாங்குகிற போஸ்ட்களைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரிலேயே பேஸ்புக் அறிவித்தது. லைக் காசுக்கு வாங்குவது அதைவிட மோசம். உயிரில்லாத கணக்குகளுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பேஜில் யாருக்கும் விருப்பமில்லை என்று இயந்திரம் முடிவெடுத்துவிடும்.

காசு கட்டி விளம்பரம் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. 2022ஐ மறந்துவிட்டீர்களா? மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. 10 டொலர் விளம்பரம் 2,000 ரூபாயில் இருந்து 3,600 ரூபாயானது. அந்த நேரம் பெற்றோல் வரிசையில் நின்ற சனத்துக்குக் கேக் வாங்க எங்கே மனம்? இன்னொன்று, இந்த நாட்டில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கமே சமூக ஊடகங்களை முடக்கியது. பேஜ் ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்களின் கடைகள் அந்த நாட்களில் பூட்டிக் கிடந்தன.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் ஒருமுறையாவது வாங்கிய ஆளின் போன் நம்பரை, அவரிடம் கேட்டு, உங்கள் கையில் வைத்திருங்கள். கொப்பியில் எழுதினாலும் சரி. நெல்லியடியில் கறித்தூள் விற்கிற ஒரு அம்மா, ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் சின்னத் துண்டு ஒன்று வைக்கிறார்: "இந்த நம்பரை உங்கள் போனில் சேமித்துவிட்டு ஒரு வட்ஸ்அப் போடுங்கள், அடுத்த முறை தூள் இடிக்கும்போது சொல்கிறேன்." அவரது பேஜில் லைக் சொல்லும்படியாக இல்லை. ஆனால் இடிக்கிற அன்றைக்கே தூள் முடிந்துவிடுகிறது.

அந்த "சேமித்துவிட்டு" என்பதைக் கவனியுங்கள். வட்ஸ்அப்பில், ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற புரோட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் வைத்திருக்கிறவருக்குத்தான் மெசேஜ் போகும். குரூப் உருவாக்கி, கேட்காமல் ஆட்களைச் சேர்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்குப் பெண்களின் நம்பர் போய்ச் சேரும், பிறகு தேவையில்லாத தொல்லை. அதற்குப் பதில் 2023இல் வந்த வட்ஸ்அப் சனலைப் பயன்படுத்தலாம். அதில் ஒருவரின் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. கடை வைத்திருக்கிறவர்கள் கூகுள் மப்பில் இடத்தையும் திறக்கிற நேரத்தையும் சரியாகப் போடுங்கள். ஓகஸ்டில் விடுமுறைக்கு வருகிற ஆட்கள் அதைத்தான் பார்த்து வருகிறார்கள்.

பேஜை மூடச் சொல்லவில்லை. புதிதாக ஒருவர் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டால் முதலில் அங்கேதான் வந்து பார்ப்பார். விலை, நம்பர், இடம், நல்ல படங்கள் நாலு மேலே தெரியும்படி வையுங்கள். வருகிற கொமென்டுக்கு உடனே பதில் சொல்லுங்கள். "விலை இன்பொக்ஸில்" என்று எழுதாமல் அங்கேயே விலையைச் சொல்லுங்கள்.

விளம்பரம் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். காசு கட்டி போஸ்டைக் கூடுதல் ஆட்களுக்குக் காட்டுகிற 'பூஸ்ட்' பட்டனை அழுத்தும்போது என்ன வேண்டும் என்று கேட்கும், லைக்கை விட்டு மெசேஜைத் தெரிவு செய்யுங்கள். இடம் கேட்கும்போது 'இலங்கை' என்று முழு நாட்டையும் கொடுக்காமல், மப்பில் உங்கள் கடையில் குறி வைத்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தை மட்டும் வட்டமாகக் கொடுங்கள். ஐபோன் ஆப்புக்குள் இருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 வீதக் கட்டணமும் சேரலாம், கணினியில் பிரவுசரில் போய்ச் செய்யுங்கள்.

உங்கள் பேஜின் நாடு, நகரப் பட்டியலில் யாழ்ப்பாணம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள் உறவுகளே. அடுத்த வீடியோவில் அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் போகிற விளம்பரம் ஒன்றைத் தொடக்கத்தில் இருந்து செய்து காட்டுகிறேன்.