பிளான் பேப்பரே இல்லாம ஒரு கப்பல்! பேப்பூர் 'உரு' தண்ணிக்கு இறங்குறது எப்படி?

[காட்சி: சாலியாற்றங்கரை. தென்னைகளுக்கு நடுவுல ஒரு மரக்கப்பலோட அணியம் (முன்முனை)]

மக்களே, இந்தக் கப்பலுக்கு வரைபடம்னு ஒரு தாள் கூட கிடையாது. எல்லாக் கணக்கும் மூத்த ஆசாரி மண்டைக்குள்ள. அதையாவது நம்பிடலாம். இவ்வளவு பெரிய மரத்தை கிரேன் இல்லாம, கயிறைக் கட்டி ஆத்துல இறக்குறாங்களே, இந்த வீடியோவே அதுக்குத்தான்.

ஊரு பேப்பூர். கோழிக்கோட்டுக்குத் தெற்கே 10 கிலோமீட்டர், சாலியாறு அரபிக்கடல்ல சேர்ற முகத்துவாரம். கேரளாவோட முதல் ரயில் 1861-ல திரூர்ல இருந்து இங்கதான் ஓடுச்சு. அடுத்த வருஷம் அந்தத் தண்டவாளம் சென்னையோட சேர்ந்துடுச்சு. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் வாழ்ந்த ஊரும் இதுதான். வரலாறு போதும், மரத்துக்கு வருவோம்.

நம்ம பாஷையில உருன்னா வடிவம். இங்கயும் முதல்ல வர்றது வடிவம்தான்! ஐரோப்பியக் கப்பல்னா எலும்புக்கூடு மாதிரி வங்குகளை, அதாவது விலா எலும்பு மாதிரி வளைஞ்ச சட்டங்களை நிறுத்திட்டு, அதுமேல பலகை அடிப்பாங்க. உருவுல தலைகீழ். அடிமரம், அதாவது ஏரா போட்டதும் பக்கப் பலகைகளை ஒண்ணுமேல ஒண்ணா வளைச்சு ஏத்துவாங்க. அந்த வளைவுக்குப் பொருந்துற மாதிரி வங்கை அப்புறம் செதுக்கி உள்ள வைப்பாங்க. சட்டையைத் தைச்சு முடிச்சிட்டு, அந்த அளவுக்கு ஆளைத் தேடுற மாதிரி!

மரம் தேக்கு, அயினி. பலகைகளுக்கு நடுவுல பஞ்சுத் திரி வச்சு, உளியால இறுக்கி அடைக்கணும். நம்ம தோணிக்காரங்க சொல்ற கலப்பத்து வேலை. மேல்பக்கம் மீன் எண்ணெய். தண்ணிக்குக் கீழ சுண்ணாம்பும் கொழுப்பும் குழைச்ச பூச்சு. இல்லன்னா கடல்புழு துளைச்சு, வெளியில பார்க்க நல்லா இருக்கிற பலகை உள்ளுக்குள்ள சல்லடையாயிடும்.

[காட்சி: சுழலியைச் சுத்துற ஆட்கள், நெருக்கத்துல]

இப்ப ஹீரோ என்ட்ரி. மாப்பிளா கலாசிகள், அதாவது கப்பலை இழுத்து இறக்குற கேரள முஸ்லிம் தொழிலாளிகள்! நம்ம ரயில்வேல கேட்ட அதே கலாசிதான்.

கப்பலுக்கு அடியில உருளைக் கட்டைகள். கயிறு கப்பி வழியா வந்து மரச் சுழலியில சுத்தும். சுழலின்னா ஊன்றின ஒரு தூண், அதுல குறுக்கே நீட்டின கைமரங்கள். செக்கு மாதிரி சுத்தி வரணும்.

கணக்குப் போடுவோமா? கப்பியில நாலு மடிப்பு கயிறுன்னா பலம் 4 மடங்கு. தூணோட மையத்துல இருந்து கயிறு 15 சென்டிமீட்டர்ல, ஆளு ஒன்றரை மீட்டர்ல தள்ளினா இன்னொரு 10 மடங்கு. ஆக ஒருத்தர் 40 பேர்! உராய்வு கொஞ்சம் தின்னும். பதிலுக்கு, கப்பல் ஒரு அடி நகர ஆளு 40 அடி நடக்கணும். ஓசியில எதுவும் வராது பாஸ்.

மெதுவா நகர்றதும் நல்லதுக்குத்தான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வர்ற பெரிய கடல் ஏற்றத்துல பின்பக்கம் மிதக்க ஆரம்பிக்கும், முன்பக்கம் இன்னும் கரையில இருக்கும். அந்த நேரத்துல அவசரப்பட்டா ஏரா முறுக்கி, அடைச்ச கலப்பத்து வாயைத் திறந்துடும். அதனாலதான் பின்னாடியும் கயிறு பிடிச்சு நிப்பாங்க. விறைச்ச கயிறுக்கு நேரா மட்டும் யாரும் நிக்க மாட்டாங்க. அறுந்தா சாட்டை மாதிரி வீசும். இறங்கின உடனே கொஞ்சம் தண்ணி கசிஞ்சா பயப்படாதீங்க, காய்ஞ்ச பலகை ஊறி உப்பி தானா இறுகிக்கும்.

1988-ல பெருமண் பாலத்துல இருந்து அஷ்டமுடிக் காயல்ல விழுந்த ரயில் பெட்டிகளைக் கரையேத்தவும் இந்தக் கலாசிகளைத்தான் கூப்பிட்டாங்க. இதே கயிறு, இதே கப்பி!

[காட்சி: மாலை, கடலுக்குள்ள நீளுற கல் பாதை]

சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு: கடலுக்குள்ள போற கல் அணைக்குப் பேரு புலிமுட்டு. புலி கிடையாது, அலை உண்டு. ஜூன், ஜூலையில பாசி பிடிச்ச கல்லுல செல்ஃபி வேண்டாம். பேப்பூர் கலங்கரை விளக்கத்தை பேப்பூர்ல தேடாதீங்க, அது அக்கரையில சாலியத்துல இருக்கு. ஜங்கார், அதாவது வண்டியையும் ஏத்திக்கிற படகு ஓடுச்சுன்னா, பைக்கோட போயிடலாம். என்னைக் கேட்டா சூரியன் மறையுறதை விட அந்த ஜங்கார் பயணம்தான் டாப். உரு கட்டுற கொட்டகை தனியார் இடம், கேட்டுட்டு உள்ள போங்க.

தூத்துக்குடி, கடலூர் மக்களே, உங்க பக்கம் தோணியை எப்படி இறக்குறாங்க? கமெண்ட்ல போடுங்க!