காலி வண்டியில் டெஸ்ட், லோடு வண்டியில் பிழைப்பு

நேயர்களுக்கு வணக்கம். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிவிட்டு, இப்போது நாமக்கல் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹெவி லைசென்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. கேபினில் பேசுகிற மாதிரியே பேசிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். இருபத்து மூன்று வயசு. குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் கடைகளுக்கு முட்டை போடுகிற வேலை. வந்ததும் அவர் கேட்டது, "ஹெவி எடுக்க எவ்வளவு ஆகுமுங்கண்ணா? எத்தனை நாள்ல கைக்கு வரும்?" எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு கேள்வியோடுதான் வருகிறார்கள். வீட்டில் செலவு இருக்கிறது, பெரிய வண்டியில் சம்பளம் கூட. அதில் தப்பில்லை.

முதலில் சட்டம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகு ரக வண்டி. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் சரக்கு வண்டியும் ஓட்டலாம், தனியாக ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதனால் அந்தத் தம்பி குட்டி யானை ஓட்டியதில் எந்தக் குறையும் இல்லை. அந்த எடையைத் தாண்டினால்தான் கதை மாறுகிறது. 12,000 கிலோவுக்கு மேல் போனால் கனரக வண்டி, அதுதான் ஹெவி.

அதற்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். படிப்பை நினைத்துத் தயங்கி நின்ற எத்தனையோ நல்ல கிளீனர்களுக்கு அதனால் வழி பிறந்தது. டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் படிக்கத் தெரிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. எங்களைப் போன்ற ஸ்கூலில் படித்த சான்று, அது படிவம் 5. எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், போட்டு 30 நாள் கழித்து டெஸ்ட். கிடைக்கும் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி டெஸ்ட்தான்.

லைசென்ஸ் இல்லாத வகை வண்டியை ஓட்டினால் டிரைவருக்கு 5,000 ரூபாய், ஓட்டக் கொடுத்த ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடம் திரும்பக் கேட்கும் நிலைமை வரும். வீடு போகும்.

இவ்வளவும் காகித வேலை. இனிதான் விஷயம்.

விதிப்படி ஹெவி பயிற்சி 30 நாள். அதில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டிய நேரம் குறைந்தது 15 மணி நேரம். அந்தப் பதினைந்து மணி நேரமும் காலி வண்டியில். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுப்பதும் காலி வண்டியில். மறுநாள் வேலைக்குப் போனால் பத்துச் சக்கர டாரஸ் லாரி, லோடோடு 28.5 டன் வரை. எட்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன், இன்னும் எனக்கு இது உறுத்துகிறது. காலி வண்டி நாம் சொன்னபடி கேட்கும். லோடு வண்டி தன் இஷ்டத்துக்கும் கொஞ்சம் போகும்.

நான் ஹெவி எடுத்த புதுசில் நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்தோம். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். வண்டி என் கையில், பெரிய டிரைவர் பக்கத்தில். இறக்கம்தானே என்று டாப் கியரிலேயே விடப் பார்த்தேன். "ஓரங்கட்டு" என்றார். மேட்டிலேயே நிறுத்த வைத்தார். "இதே மேட்டை லோடோட ஏறணும்னா எந்த கியர் போடுவே?" மூன்று என்றேன். "அப்ப மூணுலயே இறங்கு. பிரேக்கை நம்பாதே, இன்ஜினை நம்பு."

ஊர்ந்து ஊர்ந்து இறங்கினோம். கீழே வந்ததும் வீல் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னார். லேசான சூடு. கொஞ்சம் தள்ளி இன்னொரு வண்டி நின்றது. பின் சக்கரத்தில் புகை, பிரேக் லைனிங் கருகிய நாற்றம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகும், சூடானால் பிடிக்காது. மிதிப்போம், வண்டி நிற்காது. இதைவிட மோசம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. சிலர் இன்ஜினையே அணைப்பார்கள். இன்ஜின் ஓடினால்தான் கம்ப்ரசர் ஓடும், கம்ப்ரசர் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிப்போகும். மிச்சம் பிடித்த டீசலுக்கு ஒரு டீ வரும்.

இன்னொன்று இடது பக்கம். நீள வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்ளே அறுத்துக்கொண்டு வரும். அந்தச் சந்தில்தான் டூவீலர்காரர் வந்து நிற்பார். உயரத்தில் வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அவர் தெரியமாட்டார். முன்பு கிளீனர் தலையை நீட்டிப் பார்த்து, கதவைத் தட்டி நிறுத்துவார். இப்போது பாதி வண்டியில் கிளீனரே இல்லை. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள் ஓனர்கள். அவர்கள் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் கிளீனர் போனதோடு அந்த இடது கண்ணும் போயிற்று. கண்ணாடியில் அடிக்கடி பார்ப்பதும், திரும்பும் முன் ஒரு நொடி நிதானிப்பதும்தான் இப்போதைக்கு வழி. டூவீலரில் போகிற நேயர்களே, லாரிக்காரர் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முட்டைத் தம்பிக்கு வருகிறேன். முட்டை ஏற்றி ஓட்டியவர் என்பதால் பிரேக்கில் கால் பூப்போலத்தான் இருந்தது. அது எங்களால் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம். டெஸ்ட் முதல் தடவையே பாஸ். கார்டு வந்த அன்றே தனி வண்டிக்குப் போகிறேன் என்று நின்றார். ஆறு மாதம் செகண்ட் டிரைவராகப் போங்கள், லோடு எப்படித் தள்ளுகிறது என்று உடம்புக்குத் தெரியட்டும் என்றேன். சம்பளம் குறைவு என்று முகம் சுருங்கியது. ஆனால் போனார்.

போன வாரம் போன் செய்தார். "தொப்பூர்ல மூணாவது கியர்லயே இறங்கினேனுங்கண்ணா. பின்னாடி வந்தவன் கீழே வர்ற வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான்."

அடிக்கட்டும் என்றேன்.

வணக்கம்.